வாவி மீனைப் பாடஞ் செய்தல்

கண்டித் தலதா மாளிகைப் பெரகராவிற் பல்லாண்டு பேழை சுமந்த இராசா என்னும் யானை 1988ஆம் ஆண்டில் இறந்தது. அதன் உருவத்தை மாளிகை வளாகத்தில் இன்றுங் காணலாம். ஆயினும் நாம் அங்குக் காண்பது பெரிதும் தோலே. உள்ளிருப்பது மனிதன் சமைத்த உடல். இறந்த உயிரின் தோலை உரித்துப் பதப்படுத்திச் செயற்கை உடலின்மேற் போர்த்தும் இக்கலையையே பாடஞ் செய்தல் என்பர்.

இதனைப் பொழுதுபோக்காகப் பயின்றோருள் டார்வினும் ஒருவர். எடின்பரோவில் மருத்துவ மாணவராயிருந்த அவர், அடிமைத்தளையினின்று விடுபட்ட சோன் எட்மன்சுடன் என்பாரிடம் 1826இற் பணங்கொடுத்துப் பறவைகளைப் பாடஞ் செய்யக் கற்றார். பின்னாளிற் கலாபகோசுத் தீவுகளிற் பறவைத் தோல்களைச் சேகரித்தபோது அக்கல்வி அவருக்குக் கைகொடுத்தது.

மட்டக்களப்பு வாவிக்கரை மாணவனின் உள்ளத்தில் முதலில் எழுவது மீன்கொத்தியோ கொக்கோ ஆகும். அவ்வாசையை அவன் விடுதல் வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் பறவைகளுட் பெரும்பாலானவற்றைக் காக்கின்றது. சந்தையில் விலைக்குக் கிடைக்குங் கொடுவா மீனுக்கு அத்தடையில்லை. அதன் தோலும் எளிதிற் கிழியாது.

நஞ்சைப் பற்றி ஒரு சொல். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டவரான பெக்கேர் என்பார் ஆக்கிய ஆசனிக்குச் சவர்க்காரம் பூச்சிகளைத் தடுத்தது. அதனைக் கையாண்டோரையும் வருத்தியது. அந்நஞ்சு ஆண்டுகள் பல கழியினும் நீங்காது. ஆதலாற் பழைய ஆய்வுகூடங்களிற் கண்ணாடிப் பெட்டியுள் நிற்கும் பறவைகளை வெறுங்கையாற் றொடலாகாது. நமக்கு வெண்காரமே போதும். அதனையும் உண்கலங்களுக்கு அருகில் வைத்தல் தகாது.

மீனை வாங்கியவுடன் தாளின்மேற் கிடத்தி அதன் வரைவைக் கீறிக்கொள்க. நிறங்களையுங் குறித்துக்கொள்க, அவை காய்ந்தால் மறையும். சுவரை நோக்கவிருக்கும் பக்கத்திற் செவுளின் பின்னிருந்து வால்வரை கீறி, மழுங்கிய கத்தியால் தோலைத் தசையினின்று பிரித்தல் வேண்டும். செட்டைகளின் அடியை உட்புறமாகக் கத்தரிக்க. முள்ளந்தண்டைத் தலையருகிலும் வாலருகிலும் வெட்டுக. இனி வருவதே கடினமான பகுதி: கண், மூளை, செவுள், கன்னத்தசை யாவும் நீங்கவேண்டும். யான் முதன்முதலிற் செய்த மீனின் கன்னத்தில் விரல்நுனியளவு தசை எஞ்சியிருந்தது. மூன்றாம் நாள் வீட்டார் அதனை முற்றத்துக்கு அப்பால் எறிந்துவிட்டனர். கருவாடு போடும் நம் பெண்கள் அறிந்த உண்மையே இது: ஈரந் தங்குமிடத்தில் அழுகல் தொடங்கும்.

கழுவிய தோலின் உட்புறமெங்கும் வெண்காரத்தைத் தேய்த்து, உலர்ந்த மரத்தூளை இறுகத் திணித்து, முன் கீறிய வரைவோடு ஒப்பிட்டுக் கையால் அழுத்தி உருவாக்கித் தைத்தல் வேண்டும். செட்டைகளை விரித்து இரு மட்டைத் துண்டுகளிடையே செருகி நிழலிற் பல கிழமைகள் உலர்த்துக. மார்கழி மழையில் இவ்வேலையைத் தொடங்கற்க. கச்சான் காற்று வீசும் மாதங்களே ஏற்றவை.

உலர்ந்தபின் கண்ணாடிக் கண் பதித்து நிறந்தீட்டுவர். ஆயின் அதற்கும் முன்னர் ஒரு சிறு சீட்டைக் கட்டிவிடுதல் நன்று. மீனின் பெயர், நீளம், பிடிக்கப்பட்ட இடம், நாள் என்பன அதிலிருத்தல் வேண்டும். இடத்தையும் நாளையும் மீன் விற்றவரிடமே கேட்டு, மையாலன்றிப் பென்சிலால் எழுதுக, ஈரத்தில் மை பரவும்.