பலர் கூடிச் செய்யும் பணி

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. ஆயினும், ஊர் கூடிய அளவிலே தேர் நகர்ந்துவிடாது. ஒருவர் கிழக்கே இழுக்க, மற்றொருவர் மேற்கே இழுப்பாராயின், கூட்டம் பெருகப் பெருகக் குழப்பமே பெருகும். பலருடைய ஆற்றல் ஒரு பயனாகத் திரள வேண்டுமானால் ஒழுங்கு வேண்டும்; பொறுப்பு வேண்டும்; ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கையும் வேண்டும். இவ்வுண்மையை விளக்கும் சான்றுகளுள் ஒன்று, லினக்ஸ் என்னும் இயங்குதளம் வளர்ந்து வரும் முறையாகும்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு, நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இடமும் நேரமும் பகிர்ந்தளிப்பது இயங்குதளம். அதன் நடுவே அமைந்து எல்லாவற்றையும் தாங்கும் பகுதியை உட்கரு என்பர். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், 1991ஆம் ஆண்டில் தம் இருபத்தோராம் வயதில் அத்தகைய உட்கரு ஒன்றை எழுதி வெளியிட்டார். அது ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்ட சிறு நிரல். அதனை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் அவர் இசைவு தந்தார். அச்சிறு நிரல் இன்று 3 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதனால் இயங்குகின்றன. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளும் 2017ஆம் ஆண்டு முதல் அதனாலேயே இயங்கி வருகின்றன. எனவே, அதில் நேரும் ஒரு சிறு பிழையும் எண்ணற்றோரைத் தாக்க வல்லது.

தொடக்கத்தில் எல்லாத் திருத்தங்களும் மின்னஞ்சல் வழியே டோர்வால்ட்ஸ் ஒருவரையே வந்தடைந்தன. அவரே படித்தார், அவரே ஏற்றார், அவரே மறுத்தார். எழுதுவோர் பெருகியபோது இம்முறை தளர்ந்தது. 1998ஆம் ஆண்டளவில், அனுப்பிய திருத்தங்கள் பல மறுமொழியின்றி மறைந்தன. அனுப்பியோர் மனம் கசந்தனர். டோர்வால்ட்ஸோ பணிச்சுமையால் களைப்புற்றார். ஒருவர் தோளில் ஊரின் சுமையை ஏற்றினால், ஊரும் நில்லாது, தோளும் நில்லாது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

ஆகவே, பொறுப்பு பகுக்கப்பட்டது. வலைப்பின்னல், நினைவகம், கோப்பு முறை, பல்வேறு கருவிகள் என உட்கருவின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் அமைந்தனர். எப்பகுதிக்கு எவர் பொறுப்பு என்னும் பட்டியல் நிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளது. திருத்தம் எழுதுபவர், தாம் செய்தது யாது, ஏன் செய்தார் என்பதை விளக்கி உரிய பொறுப்பாளருக்கு அனுப்புவார். அதனைப் பலர் அறியப் பிறர் ஆராய்வர், குறை கூறுவர். பொறுப்பாளர் நிறைவுற்றால் தம் பெயரையும் அதில் பொறித்து மேலே அனுப்புவார். இவ்வாறு பெயர் பொறிக்கும் வழக்கம் 2004ஆம் ஆண்டில் விதியாயிற்று. ஆதலால், ஒரு வரி எவர் கைப்பட்டு எவ்வழியே வந்தது என்பதை என்றும் அறியலாம். இத்திருத்தங்களைக் காத்து இணைப்பதற்கென்றே 2005ஆம் ஆண்டில் கிட் என்னும் கருவியை டோர்வால்ட்ஸ் உருவாக்கினார்.

பொறுப்பைப் பகுத்ததனால் வேறோர் இடர் தோன்றியது. ஒரு பொறுப்பாளர் தம் பகுதியில் உள்ள ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுகிறார் என்று கொள்வோம். அதே வாரத்தில் வேறொரு பொறுப்பாளர், பழைய பெயரால் அதனை அழைத்துப் புதிய நிரல் எழுதுகிறார். தனித்தனியே நோக்கின் இருவர் செய்ததும் சரியே. இரண்டையும் இணைத்த அளவில் உட்கரு உருவாகாமலே நின்றுவிடும். தவறு எவருடையது? இருவரும் திறமை குன்றியவர் அல்லர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமையே குறை.

இதனை நீக்க 2008ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டனர். பொறுப்பாளர்கள் அடுத்த பதிப்புக்கென வைத்துள்ள திருத்தங்களையெல்லாம் வேலைநாள்தோறும் ஒன்றாகச் சேர்த்து, முன்கூட்டியே சோதிக்கலாயினர். முரண்பாடு அங்கேயே வெளிப்பட்டுவிடும். உரியவர்கள் கலந்து பேசித் தீர்த்துக்கொள்வர்.

பல பகுதிகளைத் தொடும் பெருமாற்றமாயின், அதனைப் படிப்படியாகச் செய்வர். பழைய செயற்கூற்றை உடனே நீக்காமல், புதியதை அதன் அருகில் வைப்பர். ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் பகுதியைப் புதியதற்கு மாற்றிக்கொள்வர். அனைவரும் மாறிய பின்னரே பழையது நீக்கப்படும். புதுப்பாலம் முடியும்வரை பழைய பாலத்தை இடியாதிருக்கும் அறிவுடைமை இது.

ஒவ்வொரு படியிலும் உட்கரு பழுதின்றி இயங்க வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஆயிரம் திருத்தங்களுள் ஒன்றில் பிழை இருப்பின் எவ்வாறு கண்டுபிடிப்பது? முதல் ஐந்நூறு மட்டும் சேர்ந்த நிலையைச் சோதிப்பர். அது நன்கு இயங்கினால், பிழை பின்பாதியில் உள்ளது. இயங்காவிடில், முன்பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்றால், பத்தே சோதனைகளில் பிழையான திருத்தம் அகப்பட்டுவிடும். இடைநிலைகள் இயங்காதவையாயின் இம்முறை பயன்படாது.

காலத்திற்கும் ஒழுங்கு உண்டு. புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றது. முதல் இரு வாரங்களில் மட்டுமே புதியன சேர்க்கப்படும்; எஞ்சிய வாரங்கள் பிழை திருத்துவதற்கே உரியவை. காலம் தவறியவர் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் ஒரு பதிப்பில் இவ்வாறு இடம்பெறுகின்றன. இவையனைத்துக்கும் மேலாக ஒரு விதி நிற்கின்றது. முன்பு நன்கு இயங்கிய மென்பொருள் புதிய உட்கருவினால் கெடுதல் கூடாது. கெடுமாயின், எத்துணை அழகிய திருத்தமாயினும் திரும்பப் பெறப்படும்.

இவர்களுட் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அவர்கள் நாடு வேறு, மொழி வேறு, ஊதியம் தரும் நிறுவனமும் வேறு. ஆயினும், தாம் செய்ததைத் தெளிய உரைத்து, பிறர் காட்டும் குறையைப் பொறுத்து, தம் பெயரிட்டுப் பொறுப்பேற்கும் பண்பு அவர்களை இணைக்கின்றது. பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும், அதனை நிலைநிறுத்துவது இப்பண்பே ஆகும்.