சாரம் பிரித்த சொல்

மதுரையை அடுத்த மேலூர் வட்டத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். ஊரை வைத்து அவர் வாதவூரர். உலகறிந்த பெயரோ வடமொழித் தொடர். அதன் பின்பாதியைக் கொஞ்சம் கழற்றிப் பார்ப்போம்.

'வாசக' என்பதன் வேர் 'வச்'. பேசு என்று பொருள். பேசுபவர் என்றாக்க ஒரு விகுதி வேண்டும். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி, ஏறத்தாழ 4,000 நூற்பாக்கள் கொண்ட தம் அஷ்டாத்யாயீயில் அதற்கு வைத்த பெயர் 'ண்வுல்'. வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம், அதை யாரும் பேச்சில் சொல்லப்போவதில்லை. முன்னால் நிற்கும் 'ண்', வேரிலுள்ள அகரத்தை நீட்டச் சொல்லும் சைகை. வச், வாச் ஆகிறது. கடைசி 'ல்', எந்த அசையை உயர்த்தி ஒலிப்பது என்பதற்கான குறி. வேலை முடிந்ததும் இரண்டும் மறைந்துவிடும். இத்தகைய மறையும் குறிக்கு 'இத்' என்று பெயர். மிஞ்சும் 'வு'வையும் இன்னொரு நூற்பா 'அக' என்று மாற்றிவிடுகிறது. வாச் + அக, வாசக! கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, ண்வுலில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

இதே விகுதி 'நீ' (நடத்து) என்ற வேரில் சேர்ந்தால் நாயக. 'சேவ்' என்பதில் சேர்ந்தால் சேவக. திருவாதவூர்க் கோயிலில் திருமறைநாதரோடு இருக்கும் வேதநாயகியின் பெயரிலும் அதுதான். பெண்பாலுக்குப் பாணினி வழி 'நாயிகா'. தமிழ் அதை நாயகி என்று தன் போக்கில் முடித்துக்கொண்டது.

தமிழின் கைவரிசை அதோடு நிற்கவில்லை. வடமொழியில் 'பச்சை'யின் சகரம்போல வல்லோசையாக ஒலித்தது, இரு உயிர்களுக்கு நடுவே 'பசி'யின் சகரமாக மென்மையானது. மதிப்புக்கு 'அர்' சேர்ந்தது. முன்பாதியில் 'மாணிக்ய' மாணிக்கமானது. வேடிக்கை என்னவென்றால், அதே 'க்ய' ஒலி 'வாக்ய'வில் வந்தபோது தமிழ் ஓர் இகரத்தை நுழைத்து வாக்கியம் என்றது. அந்தச் சொல்லுக்கும் வேர் வச்தான். வசனமும் அந்த வீட்டுப் பிள்ளையே.

வச் என்பதற்குப் பிறவினை வடிவமும் உண்டு: 'வாசி', பேசவைத்தல். ஏட்டைப் பேசவைப்பது, அதாவது படிப்பது. இதோடு ண்வுல் சேர்ந்தாலும் கிடைப்பது அதே 'வாசக'தான். மாணிக்கவாசகர் பேசியவர், இதைப் படிக்கும் நீங்களும் வாசகர்தான்.