மீட்கும் மருந்தும் சார்பும்

1898ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பினைப்போல் அது மனிதரை அடிமையாக்காது என மருத்துவர் பலர் நம்பினர். சில ஆண்டுகளிலேயே அந்நம்பிக்கை பொய்த்தது. போதைநோய்க்கு மருந்து தருவது என்றவுடன், ‘ஒரு போதையை நீக்க மற்றொரு போதையா?’ என்னும் ஐயம் இன்றும் எழுவதற்கு இத்தகைய வரலாறும் ஒரு காரணமாகும்.

1965இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர், ஹெராயினுக்கு அடிமையானோர்க்கு மெத்தடோன் அளித்துக் கண்ட பயனை வெளியிட்டனர். ஊசிவழிச் செல்லும் ஹெராயின் நொடிகளில் மூளையை எட்டி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆதலால் நோயாளி ஒரு நாளில் பலமுறை அதனைத் தேடி அலைகிறார். வாய்வழி உட்கொள்ளும் மெத்தடோனோ மெல்ல ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் நிலைத்து நிற்கும். தவிப்பு அடங்குவதால் அவர் வேலைக்குச் செல்லவும் குடும்பத்தைப் பேணவும் முடிகிறது.

எனினும் மெத்தடோனும் அபினியின் வகையைச் சார்ந்ததே. அதற்குப் பழகிய உடலிலிருந்து அதனைத் திடீரென விலக்கினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன வாரக்கணக்கில் வருத்தும். இதுவே உடற்சார்பு. கேடு விளைவது தெரிந்தும் கட்டுப்பாடிழந்து பொருளைத் தேடி ஓடுவது அடிமைநிலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும்பிழை. நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளும் ஆஸ்துமா நோயாளியும் அதனைத் திடீரென நிறுத்தலாகாது. அவரை எவரும் அடிமை என்பதில்லை.

உண்மையான இடர்கள் வேறு. மெத்தடோனின் அளவு மிகுந்தால் மூச்சு அடங்கிவிடும். மருந்து உடலில் சேர்ந்துகொண்டே வரும் முதல் வாரங்களிலும், மதுவோ தூக்கமாத்திரையோ உடன் சேரும்போதும் இவ்விடர் மிகும். புப்ரினார்பின் என்னும் மற்றொரு மருந்தின் வினை ஓர் எல்லைக்குமேல் ஏறாது. ஆகவே அது ஒப்பளவில் பாதுகாப்பானது. ஆயினும் வலிநீக்கியாக விற்கப்பட்ட அதன் ஊசிமருந்தையே சென்னையில் 1990களில் போதைக்காகச் செலுத்திக்கொண்டோர் உண்டு. இன்று அம்மாத்திரையுடன் நாலக்சோன் கலந்து தரப்படுவது இத்தகைய தவறான பயன்பாட்டைத் தடுப்பதற்கே. நாவின்கீழ் வைத்தால் நாலக்சோன் பெரிதும் வினைபுரியாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் விலகல் துன்பத்தைத் தூண்டிவிடும்.

சார்பு குறித்த அச்சத்தால் மருந்தை அவசரமாகக் கைவிடுவது இவை யாவற்றினும் கொடிது. நிறுத்திய சில நாள்களிலேயே உடலின் தாங்குதிறன் குறையத் தொடங்கும். அந்நிலையில் பழைய அளவு ஹெராயினை மீண்டும் எடுத்துக்கொள்பவர் உயிரிழக்க நேரும். உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் இவை மருத்துவர் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றன. விட விரும்புவோர்க்கு அளவு பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைக்கப்படும்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து உட்கொள்வோரும் உளர்.