தனிமரம் தோப்பாகாது

விடுமுறை வந்துவிட்டால் நம் மனம் வெளியே ஓடத் துடிக்கிறது. ஒருவருக்கு மலையேற ஆசை. ஒருவருக்குப் படகு செலுத்த ஆசை. மற்றொருவருக்கு மரநிழலில் அமர்ந்து பறவைகளைக் காண ஆசை. ஆசைகள் பலவானாலும் அவற்றுக்கு இடந்தரும் நிலம் ஒன்றே. அந்தப் பொது நிலத்தைக் காப்பவர் யார்? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

அந்நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது மத்திய அரசின் பொறுப்பிலுள்ள பொது நிலமாகும். காடுகளும் தேசியப் பூங்காக்களும் அதில் அடங்கும். எல்லோருக்கும் உரியது என்பதாலேயே, அதற்காகப் பரிந்து பேச ஒருவரும் இல்லாமற்போகும் ஆபத்தும் உண்டு.

இயற்கை அன்பர் ஜான் மியூரும் நண்பர்களும் 1892-இல் சியரா சங்கத்தை நிறுவினர். யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹெட்ச் ஹெட்ச்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி, சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது மியூர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் சங்கத்துக்குள்ளேயே சிலர் அணையை ஆதரித்தனர். 1913-இல் அணைக்கு அனுமதி தரும் சட்டம் நிறைவேறியது. பின்னர் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது.

நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அதே சோதனை மீண்டும் வந்தது. கொலராடோ, யூட்டா மாநிலங்களின் எல்லையிலுள்ள டைனோசர் தேசிய நினைவிடத்தில், கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடுகிற எக்கோ பார்க்கில் அணை கட்ட அரசு திட்டமிட்டது. இம்முறை மலையேறுவோரும் படகு விடுவோரும் தூண்டில்காரரும் கைகோத்தனர். மலைப்பாதைகளையே பெரிதும் அறிந்திருந்த சியரா சங்கத்தார் 1953-இல் படகேறி அந்த ஆற்றைக் கண்டனர். கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை, ஊராரிடம் எடுத்துரைத்தனர். நாடாளுமன்றத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. 1956-இல் நிறைவேறிய சட்டத்தில் எக்கோ பார்க் அணை இடம்பெறவில்லை.

ஆனால் இவ்வெற்றியிலும் ஒரு துயரம் கலந்திருந்தது. கிளென் கேன்யன் என்னும் எழில்மிகு பள்ளத்தாக்கில் அணை கட்ட அதே சட்டம் இடமளித்தது. அவ்விடத்தைக் கண்டவர் சிலர்; அதற்காக வாதாடியவரும் சிலரே. 1963-இல் அங்கு நீர் தேங்கத் தொடங்கியது. அவ்வாண்டே சியரா சங்கம் அதைப் பற்றி ஒரு படநூல் வெளியிட்டது. 'எவரும் அறியாத இடம்' என்பது அதன் பெயரின் பொருள். அறியாததை நாம் நேசிப்பதில்லை, நேசிக்காததைக் காப்பதுமில்லை!

இன்றும் அங்கே பாறையேறுவோர், துடுப்புப் படகினர், மலைச் சைக்கிள் ஓட்டுவோர், பனிச்சறுக்குவோர் எனப் பல சங்கங்கள் உள்ளன. எந்தப் பாதை யாருக்கு என்பதில் அவர்களிடையே பிணக்குகளும் உண்டு. எனினும் பொது நிலத்துக்கு ஊறு நேரும்போது ஒரே குரலில் பேசக் கற்றிருக்கிறார்கள். கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நிலப் பாதுகாப்புக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் ஒதுக்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இத்தகைய சங்கங்களும் துணைநின்றன.

அன்புத் தோழியரே! இப்பூமி நமது பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். இல்லத்தில் அவரவர் விரும்பும் மூலை வேறாக இருக்கலாம், கூரை ஒன்றுதான். விளையாட்டால் பிரிந்திருந்தாலும் நிலத்தைக் காப்பதில் ஒன்றுபடுவோம்!