நிழலிடங்களில் வன்மைமிக்க பெரணிகள்

பள்ளிக்கூடத்தின் வடபுறச் சுவரை அடுத்தும், அடர்ந்த மாமரத்தின் கீழும் எப்பூச்செடியும் செழிக்காத நிலத்துண்டு ஒன்று பெரும்பாலும் இருக்கக் காண்கிறோம். அது பெரணிகளுக்கு உகந்த இடமாகும்.

குளிர்நாட்டு நூல்கள் உறைபனியைத் தாங்கும் பெரணியையே வன்மையுடையது என்பன. நம் சமவெளிகளில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. வட இந்தியாவில் மே, ஜூன் மாதங்களில் வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்றைக் கடந்து, மழை வந்ததும் துளிர்ப்பதே இங்கு வன்மை. நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா என்னும் பெரணி தன் வேர்ப்பகுதியிலுள்ள சிறு கிழங்குகளில் நீரைச் சேமிக்கிறது. அடியாண்டம் பிலிப்பென்ஸ் வறட்சியில் இலைகள் முழுவதையும் இழந்து மண்ணுக்குள் உயிர்த்திருக்கும். டிரைனேரியா குவெர்சிஃபோலியாவும் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டுச் செதில் மூடிய தண்டோடு காத்திருக்கும். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று விற்கப்படுவது இத்தண்டே. ஆகவே, கோடையில் பட்டுப்போயின என்று பிடுங்கி எறியப்படும் செடிகளுட் பல உண்மையில் உயிருள்ளவை. மழை தொடங்கும்வரை மண்ணைச் சற்றே ஈரமாக வைத்துப் பொறுத்திருத்தல் வேண்டும்.

இலைமக்கு, ஆற்றுமணல், உடைத்த செங்கல் ஆகியவை கலந்த மண் ஏற்றது. நீர் தேங்கினால் தண்டு அழுகும். நடும்போது தண்டின் நுனியைப் புதைத்தலாகாது.

செடிகளுக்காகக் காட்டை நாடுவது பலரது வழக்கம். இது தேவையற்றது; பெயர்த்தெடுத்த முதிய செடிகள் எளிதில் வேரூன்றுவதும் இல்லை. முதிர்ந்த இலை ஒன்றே போதும். அதன் அடிப்புறத்துப் புள்ளிகள் பழுப்பு நிறம் அடைந்ததும் இலையைக் காகித உறையிலிட்டு ஓரிரு நாள் வைத்தால், ஸ்போர்கள் தூசியெனக் கொட்டும். செங்கல் ஒன்றைக் கொதிநீரில் நன்கு வேகவைத்து ஆற்றி, நீருள்ள தட்டில் நிறுத்தி, அத்தூளை மேலே தூவிக் கண்ணாடிச் சாடியால் மூடுக. வெயில் நேரே படலாகாது.

சில வாரங்களில் பசும்படலம் தோன்றும். இதனைப் பாசி எனக் கருதிச் சுரண்டிவிடுதல் கூடாது. அது நாளடைவில் இதய வடிவத் தகடுகளாக வளரும்; கைலென்ஸினால் மாணவர் அவற்றைத் தெளிவாகக் காணலாம். ஆணணுக்கள் இத்தகட்டின் அடிப்புறத்தில் நீரில் நீந்திச் சென்றே முட்டையை அடைகின்றன. எனவே இப்பருவத்தில் கொதித்தாறிய நீரை மெல்லத் தெளித்தல் இன்றியமையாதது. இவ்விரு தலைமுறைகளின் மாற்றத்தை ஜெர்மானிய அறிஞர் ஹாஃப்மைஸ்டர் 1851இல் விளக்கினார். பாடநூலின் படத்தால் விளங்காத இச்செய்தி, செங்கல்லின்மேல் விளங்கிவிடுகிறது.

கருவுற்ற தகட்டிலிருந்து முதல் சிற்றிலை எழும். மூன்று நான்கு இலைகள் விட்டதும், தகடு ஒட்டிய நிலையிலேயே சிறு தொட்டிகளுக்கு மாற்றி, மூடியை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குக. தோட்டத்தில் நடுவதற்கு அடுத்த மழைக்காலம் ஏற்றது.