எந்தச் சத்திரப்பட்டி?

உங்கள் தாத்தா, பாட்டி பிறந்த ஊர் எது? உடனே சொல்லிவிடுவீர்கள். சரியாக எழுதி வைத்திருக்கிறீர்களா?

சிறுவயதில் என் அப்பத்தா பிறந்த ஊரை நோட்டில் குறித்தேன். 'சத்திரப்பட்டி' என்று ஒரே ஒரு சொல். பின்னாளில் தேடியபோது திகைத்துப் போனேன். மதுரை - நத்தம் சாலையில் ஒரு சத்திரப்பட்டி. பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே ஒன்று. ராஜபாளையம் அருகே இன்னொன்று! எது என்று கேட்க அப்பத்தா இல்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

ஆகவே, ஊர்ப் பெயருடன் தாலுகா, மாவட்டம், மாநிலத்தையும் எழுதுங்கள்.

இதோ ஒரு புதிர். 1955-ல் பழனியில் பிறந்தவருக்கு எந்த மாவட்டம்? 'திண்டுக்கல்' என்பீர்கள். அந்த மாவட்டம் 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது 1969-ல். எனவே இப்படி எழுதலாம்:

பழனி, மதுரை மாவட்டம், சென்னை மாநிலம் (இன்று திண்டுக்கல் மாவட்டம், தமிழ்நாடு).

அன்றைய பெயர் பழைய ஆவணங்களைத் தேட உதவும். இன்றைய பெயர் பஸ் ஏற உதவும்!

பழைய பத்திரத்தில் 'விருதுபட்டி' என்றிருந்தால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். 1923-ல் விருதுநகர் எனப் பெயர் மாறிய ஊர்தான் அது. இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுடன் தாத்தா, பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். "பக்கத்து ஊர் எது? எந்தச் சந்தைக்குப் போவீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்க மறந்ததை நீங்கள் மறக்காதீர்கள்!