சிரித்துக்கொண்டே ரிப்பேர் பார்த்த அண்ணன்!

மெக்கானிக் ஷெட்டில் வண்டியை விடும்போது நம் எல்லோருக்கும் வருகிற பயம் ஒன்று உண்டு. 'நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு புரிஞ்சுக்கிட்டு, இல்லாத வேலையெல்லாம் சொல்லி பில்லை ஏத்திடுவாரோ?' அந்தப் பயத்தைச் சிரித்தே விரட்டிய மெக்கானிக் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் டாம் மல்யாட்ஸி. 2014 நவம்பர் 3-ம் தேதி, 77 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய ஷெட் வாசலை மிதித்தே இராத எத்தனையோ பேர் சொந்த அண்ணனை இழந்ததுபோல வருந்தினார்கள்.

பாஸ்டனை ஒட்டியிருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில், இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் 1937-ல் பிறந்தவர் டாம். அதே ஊரில் இருக்கும் எம்.ஐ.டி-யில் படித்துப் பட்டம் வாங்கினார். இன்ஜினீயர் வேலை, கைநிறைய சம்பளம். வேறென்ன வேண்டும்?

ஒருநாள் தன் குட்டி எம்.ஜி காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரமாண்டமான டிரெய்லர் லாரி ஒன்று குறுக்கே வர, மயிரிழையில் உயிர் தப்பினார். 'இப்போது செத்திருந்தால், இந்த வேலைக்காகவா வாழ்நாளைச் செலவழித்தோம் என்று எவ்வளவு கடுப்பாகியிருப்போம்' என்ற நினைப்பு வந்ததாம். நேராக ஆபீஸ் போனார், மேலதிகாரி அறைக்குள் நுழைந்தார், வேலையை விட்டார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்!

1973-ல், தன்னைவிட 12 வயது இளையவரான தம்பி ரேயுடன் சேர்ந்து கேம்பிரிட்ஜிலேயே ஒரு ஷெட் போட்டார். அதில் ஒரு புதுமை. இடமும் ஸ்பேனர் முதலான கருவிகளும் வாடகைக்கு. அவரவர் வண்டியை அவரவரே சரிசெய்துகொள்ளலாம். யோசனை பிரமாதம், லாபம்தான் வரவில்லை. அதனால் வழக்கமான ரிப்பேர் கடையாக மாற்றி, 'குட் நியூஸ் கராஜ்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல செய்தி! மெக்கானிக் கடைக்கு இப்படிப் பெயர் வைக்கத் தனி தைரியம் வேண்டும்.

1977-ல் பாஸ்டன் வானொலி நிலையம் ஒன்று, கார் பற்றிப் பேச வரும்படி உள்ளூர் மெக்கானிக்குகள் பலரை அழைத்தது. வந்து சேர்ந்தவர் டாம் மட்டும்தான். அடுத்த முறை தம்பியையும் இழுத்துக்கொண்டு போனார். அப்படிப் பிறந்த 'கார் டாக்' நிகழ்ச்சி, 1987 முதல் நாடு முழுக்க ஒலித்தது. 1992-ல் கௌரவம் மிக்க பீபாடி விருதும் கிடைத்தது. ஷெட்டைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டவர் ரே. டாமோ டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடமும் எடுத்தார்.

நிகழ்ச்சியில் அப்படி என்னதான் இருந்தது? யாராவது போன் செய்வார்கள். "வண்டியில ஒரு சத்தம் வருது" என்பார்கள். "எங்கே, அதே மாதிரி சத்தம் போட்டுக் காட்டுங்க" என்பார்கள் அண்ணனும் தம்பியும். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் என எல்லோரும் கூச்சத்தை விட்டுவிட்டு 'கட கட', 'க்ரீச்' என்று வாயாலேயே எழுப்பிக் காட்டுவார்கள். உடனே வெடிக்கும் டாமின் சிரிப்பு. தன் ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுகிற ரகம் அவர். பிரேக்கில் ஆரம்பித்த பேச்சு, காரை யார் சரியாக ஓட்டுவது என்ற கணவன் மனைவி சண்டையில் போய் நிற்கும். அதற்கும் தீர்ப்பு சொல்வார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முன்பு போன் செய்தவர்களையே சில சமயம் மறுபடி அழைத்து, 'நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா?' என்று எல்லோரும் கேட்கும்படி விசாரிப்பார்கள். தவறு என்று தெரிந்தால் அதற்கும் அதே சிரிப்பு. பில் கொடுத்த பிறகு இப்படிக் கேட்கிற மெக்கானிக் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

டாமின் ஆசைக்குரிய வண்டி 1963 மாடல் டாட்ஜ் டார்ட். ஓட்டை உடைசல். ஊர் வண்டியைச் சரிசெய்கிறவர் சொந்த வண்டியை அப்படியே விட்டுவிடுவது உலகம் முழுக்க ஒரே கதைதான் போலும். குழந்தைகளுக்கும் அவர் குரல் பழக்கமானதுதான்: பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தில் ரஸ்டி, டஸ்டி என்ற துருப்பிடித்த கார்களாகப் பேசியவர்கள் இந்தச் சகோதரர்கள்.

வாராவாரம் நிகழ்ச்சியில் ஒரு புதிர் போடுவார்கள். போன வாரப் புதிர் என்ன என்று கேட்டால் டாமுக்கு ஞாபகமே இருக்காது. அதுவே ஒரு நிரந்தர ஜோக். 2012-ல் இருவரும் புதிய நிகழ்ச்சிகள் செய்வதை நிறுத்தினார்கள். டாமைப் பிடித்திருந்தது அல்சைமர் என்னும் மறதி நோய். அதன் பாதிப்பில்தான் அவர் இறந்தார். அப்போதும் ரே விடவில்லை: போன வாரப் புதிர் ஞாபகமில்லை என்று அண்ணன் சொன்னது விளையாட்டுக்கு இல்லைபோல, நிஜமாகவே மறந்துதான் போயிருக்கிறார் என்றார். பூக்களுக்குப் பதிலாக உங்கள் ஊர் வானொலிக்கோ அல்சைமர் சங்கத்துக்கோ நன்கொடை கொடுங்கள் என்றும் குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொண்டார்.

பழைய நிகழ்ச்சிகளின் தொகுப்பு அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒலிபரப்பானது. ஒவ்வொன்றின் முடிவிலும் இருவரும் மாறி மாறி அதே அறிவுரையைச் சொல்வார்கள். "என் தம்பி மாதிரி வண்டி ஓட்டாதீங்க!" "என் அண்ணன் மாதிரியும் ஓட்டாதீங்க!"